அப்பாவின் கட்டைவிரலுக்கு ஒரு லைட்டர்

என் நோட்டில் 'தேவைகள்' என்று தலைப்பிட்டு ஆறு வரிகள் எழுதினேன். ஒன்று, ஒரே கையால் பற்றவைக்க முடிய வேண்டும். இரண்டு, சுடர் மென்மையாக இருக்க வேண்டும். மூன்று, பக்கவாட்டில் சாய்த்தாலும் விரலைச் சுடக்கூடாது. நான்கு, மொட்டைமாடிக் காற்றில் அணையக்கூடாது. ஐந்து, எரிபொருளின் வாசனை புகையிலையில் ஏறக்கூடாது. ஆறு, குறைந்த விசையில் வேலை செய்ய வேண்டும்.

ஆறாவது வரியின் கீழே இரண்டு கோடு போட்டேன். முதல் ஐந்தும் பைப் பிடிக்கும் யாரும் ஒரு லைட்டரிடம் கேட்பவை. ஆறாவது என் அப்பாவுக்காக.

என் வேலை கருவிகளைச் சோதிப்பது. அரிசி ஆலைகளின் எடைமேடை, ஆஸ்பத்திரிகளின் ஆக்சிஜன் அழுத்தமானி, பால் குளிரூட்டும் நிலையங்களின் வெப்பமானி என்று மாவட்டம் முழுக்க ஸ்கூட்டரில் சுற்றுவேன். கருவி காட்டும் எண்ணுக்கும் உண்மையான எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவேன். எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு யோசிக்க வரும். பட்டியல் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று அந்த வருஷம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா டாக்ஸி டிரைவர். சென்னை விமான நிலையத்திலிருந்து இங்கே மலையடிவாரத்து ஆசிரமங்களுக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிவருவதுதான் அவருடைய பிழைப்பு. வருஷா வருஷம் மார்கழியில் வந்துகொண்டிருந்த ஒரு கிழவர், ஒருமுறை ஊருக்குத் திரும்பும்போது தன் பைப்புகளில் ஒன்றை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மார்கழியில் அவர் வரவில்லை. அதுவரை பீடி பிடித்துக்கொண்டிருந்த அப்பா பைப்புக்கு மாறிவிட்டார். சீசனுக்கு வரும் வேறு பயணிகள் அவருக்காகப் புகையிலை டப்பா கொண்டுவருவார்கள். செங்கம் ரோடு ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவரைப் பார்த்ததும், "துரை வந்துட்டாருடா, எழுந்து நில்லுங்க" என்பார்கள். அப்பா வாயிலிருந்து பைப்பை எடுக்காமலே, "ம், உக்காருங்க, உக்காருங்க" என்பார்.

ஒரு நாளைக்கு ஒரு முறைதான். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், சாயங்காலம் ஆறு மணிக்கு, பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டு உட்காருவார். பைப்பைப் பற்றவைப்பது சிகரெட்டைப் பற்றவைப்பது போல ஒரே தீக்குச்சியில் முடிகிற காரியமில்லை. கிண்ணத்தின் வாய்க்கு மேலே சுடரைப் பிடித்து, மெதுவாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது சுடர் தலைகீழாகக் குனிந்து புகையிலைக்குள் போகும். அதை வட்டமாகச் சுற்றிக் காட்ட வேண்டும். முதல் நெருப்பு மேற்பரப்பைக் கருக்கிவிட்டு அணைந்துபோகும். அப்பா ஒரு பெரிய ஆணியின் தலையால் சாம்பலை அமுக்கிவிட்டு மறுபடியும் பற்றவைப்பார். முக்கால் மணி நேரத்தில் நான்கைந்து முறையாவது நெருப்பு வேண்டும்.

அப்பா தீக்குச்சிதான் பயன்படுத்தினார். ஒருநாள் மாடியில் துணி எடுக்கப் போனபோது அவர் காலடியில் உடைந்த குச்சிகள் ஏழெட்டுக் கிடந்தன. ஒன்றுகூட எரிந்திருக்கவில்லை.

"பெட்டி நமுத்துப்போச்சும்மா" என்றார்.

அது சித்திரை மாதம். அந்த வெயிலில் எதுவும் நமுத்துப்போகாது. அவர் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை வற்றி, அங்கே ஒரு குழி விழுந்திருந்தது. ஸ்டியரிங்கில் இருபத்தைந்து வருஷம் அழுந்திய கை அது. வண்டியில் சாவி திருப்பவே சில மாதங்களாக இடது கையைத்தான் நீட்டுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஊசி குத்தி நரம்புகளைச் சோதித்தார்கள். தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கத்தான் மாத்திரை இருக்கிறது என்றார் நரம்பு டாக்டர். அம்மா அவரிடம் கேட்டாள்: "பைப்பு பிடிக்கிறாரு டாக்டர். விடச் சொல்லுங்க."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

"விட்டா நல்லதுதாம்மா. விடலைன்னா இப்ப நான் அவரோட சண்டை போட மாட்டேன்."

மருத்துவ அறிக்கையில் நான்கு பக்கம் இருந்தது. எனக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நான் தீக்குச்சியை உரசி, அப்பாவின் பைப்புக்கு நேராக நீட்டினேன். படியேறி வந்த அம்மா கையிலிருந்த காபி டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் டொக்கென்று வைத்தாள்.

"அடியே! உசுரோட இருக்கிற மனுஷன் வாய்க்கு நேரா நெருப்ப நீட்டுவாங்களா? அதுவும் பொண்ணு?"

குச்சியை ஊதி அணைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனின் முகத்துக்கு நேராக அடுத்தவர் நெருப்பைக் கொண்டுபோவது ஒரே ஒரு முறைதான். நான் ஒரே பிள்ளை. அப்பாவுக்குக் கொள்ளி யார் வைப்பது என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அவ பேச்ச விடு" என்றார் அப்பா. "ஆனா நீ புடிக்க வேணாம்மா. நான் எப்ப இழுக்கறேன்னு உனக்குத் தெரியாது. இழுக்கிறவன் கையிலதான் நெருப்பு இருக்கணும்." பிறகு, "என்னால பத்த வைக்க முடியாத அன்னிக்கு இத விட்டுடறேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் என்னை விடுங்க" என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். அவர் கையாலேயே பற்றவைக்க வேண்டும். அதற்கு ஒரு லைட்டரைத் தேடுவது என் வேலையாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸிலிருந்து விசைமானியைக் கொண்டுவந்தேன். ஒரு முனையில் அழுத்தினால் எத்தனை கிலோ விசை என்று எண்ணில் காட்டும் கருவி. மேசை மேல் வைத்து, அப்பாவைக் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னேன். இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டியது. நான் அழுத்தினேன், எட்டு.

"இன்னாம்மா, பால்ல தண்ணி ஜாஸ்தியா?" என்றார்.

பிறகு லைட்டர்களை அளந்தேன். பெட்டிக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் லைட்டர்களில் இரண்டு வகை. பொத்தானை அழுத்தினால் பொறி வரும் வகைக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும். அது அப்போதே கைமீறிப் போய்விட்டது. சக்கரத்தை உரசும் வகைக்கு ஒன்றரை கிலோ இருந்தால் போதும். ஆனால் உரசிய விரல் அப்படியே கீழே இறங்கி வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு விரலுக்கு அடுத்தடுத்து இரண்டு வேலை. அப்பாவால் உரச முடிந்தது, பிடிக்க முடியவில்லை. பிடிக்க முடிந்த நாட்களில், பைப்பின் வாய்க்கு நேராகச் சாய்த்ததும் சுடர் மேலே திரும்பி விரலைச் சுட்டது. அதற்கான உணர்ச்சி மட்டும் அவருக்குக் குறையவே இல்லை. அந்த நோய் அப்படித்தான். வலியை விட்டுவைத்துவிடும்.

தேரடி வீதியில் ஒரு வாட்ச் கடை இருக்கிறது. லைட்டருக்குச் சக்கிமுக்கிக் கல் மாற்றுவது, திரி மாற்றுவது எல்லாம் அந்தக் கடை பாய்தான். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு குனிந்திருந்தார்.

"பாய், ஒரு லைட்டர் வேணும். நல்லதா."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"எல்லாரும் அப்பனுக்குன்னுதான் கேப்பாங்க." நிமிராமலே சிரித்தார். "சிகரெட்டுக்கா?"

"பைப்புக்கு."

இப்போது நிமிர்ந்தார். "டாக்ஸி துரை பொண்ணா நீ? அத மொதல்ல சொல்றதில்ல! இன்னா ஆளையே காணோம்? வண்டிய வித்துட்டார்னு சொன்னாங்க?"

"கை சரியில்ல பாய்."

லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தார். கை எப்படி என்று கேட்டார். கட்டைவிரல் கதையைச் சொன்னேன். கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பித்தளை லைட்டரை எடுத்தார். மூடியைத் திறந்து சக்கரத்தை ஒருமுறை தேய்த்தால் திரி பற்றிக்கொள்ளும். அப்புறம் எதையும் அழுத்திப் பிடிக்க வேண்டாம், மூடும் வரை எரியும். அந்தச் சக்கரத்தை உள்ளங்கையிலேயே தேய்க்கலாம், தொடையிலும் தேய்க்கலாம் என்று செய்து காட்டினார்.

"இதுக்குன்னு தனியா ஒரு எண்ணெய் இருக்குது. நம்ம ஊர்ல வராது. வண்டி பெட்ரோல ஊத்திக்கோ, எல்லாரும் அதான் பண்றாங்க."

எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். ஸ்கூட்டரின் குழாயைக் கழற்றி, ஒரு மூடி பெட்ரோல் பிடித்து, லைட்டருக்குள் இருக்கும் பஞ்சில் ஊற்றினேன். நான் எழுதிய ஐந்தாவது வரியை நானே மறந்தேன். அப்பா லைட்டரைத் தொடையில் தேய்த்தார். பற்றிக்கொண்டது. இரண்டு கன்னமும் குழிவிழ இழுத்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"எப்படிப்பா?"

"பங்க்ல வண்டிய நிறுத்திட்டு, பம்புல வாய வெச்ச மாதிரி இருக்குதும்மா."

ஆனாலும் மூன்று வாரம் அதையே பயன்படுத்தினார். எனக்காக. சட்டைப் பையில் கசிந்து, மார்பில் ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் சிவந்து உரிந்தது. சட்டையைத் துவைக்கப் போட்ட அம்மா மோந்து பார்த்துவிட்டு, "கொளுத்திக்கலாம்னு இருக்கீங்களா? சொல்லிட்டுச் செய்ங்க" என்றாள். லைட்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அடுத்தது சீறும் வகை. நீலச் சுடர், எந்தக் காற்றிலும் அணையாது. இணையத்தில் எல்லோரும் அதைத்தான் புகழ்ந்திருந்தார்கள். லேசான பொத்தான். ஒரே ஒரு சாயங்காலம்தான். கிண்ணத்தின் விளிம்பில் மரம் கருகி, ஒரு நகக்கீறல் அளவுக்குக் கரி விழுந்தது.

"இன்னாம்மா, வெல்டிங் அடிக்கிறியா?" என்று சிரித்தார். ஆனால் அன்று முழுக்க ஈரத்துணியால் அந்த விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிழவரின் பைப். அந்த லைட்டரை அன்றே பெட்டிக்குள் போட்டு மூடினேன். மின்சாரத்தில் கம்பி சூடாகும் ஒன்றையும் வாங்கினேன். அதன் கம்பி புகையிலைக்கு எட்டவில்லை. பிடிக்க முடிந்த நாட்களில் பழைய சக்கர லைட்டராலேயே சமாளித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அளப்பது தொடர்ந்தது. வரைபடத் தாளில் அப்பாவின் விசையை ஒரு கோடாக இழுத்தேன். அது இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு லைட்டருக்கும் வேண்டிய விசையைக் குறுக்குக் கோடாகப் போட்டேன். அவை அசையாமல் நின்றன. எந்தக் கோட்டை அவர் எப்போது கடப்பார் என்று அளவுகோலை வைத்துச் சொல்லிவிடலாம். எந்தக் கருவிக்கும் நான் இதைச் செய்வேன். தேய்மானத்தைக் கணக்கிட்டு, மாற்ற வேண்டிய மாதத்தை எழுதுவேன். இங்கே மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

ஒரு ஞாயிறு எண் திடீரென்று ஏறியது. தாளிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். தோளை முன்னால் தள்ளி, உடம்பின் எடையையே விரல் மேல் சாய்த்திருந்தார். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாரம் எவ்ளோ?"

"போன வாரத்தவிட ஜாஸ்திப்பா."

"அப்படியா!"

அந்த எண்ணையே எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தவறென்று தெரிந்தும் நான் எழுதிய எண் அது ஒன்றுதான். அதற்கு அடுத்த ஞாயிறு, "எழுதிக்கோம்மா, எனக்குச் சொல்ல வேணாம்" என்றார்.

அம்மா இதையெல்லாம் விரும்பவில்லை. "அவரே விடறேன்னு சொல்லிட்டாரு. நீ ஏன்டி புதுசு புதுசா வாங்கியாந்து குடுக்கற? அந்தப் புகையால நெஞ்சும் போகணுமா?" என்பாள். அவள் சொன்னதில் தவறில்லை. மாதாமாதம் பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்றினாள். பாதம் வெடித்து வந்து, கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருவாள். "என் கட்டைவிரல் மேல சாமிக்கு இன்னா வேலை? வேற நல்ல வேலை இருக்கும்" என்பார் அப்பா.

ஐப்பசியில் ஒரு வாரம் எந்த லைட்டரும் அவர் கையில் பற்றவில்லை. நிறைத்த பைப்பை வாயில் வைத்துக்கொண்டு, பற்றவைக்காமல், ஆறு மணியிலிருந்து இருட்டும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் புகையிலையை டப்பாவிலேயே தட்டிவிட்டுக் கீழே வந்தார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் நடந்தது. விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை.

அந்தப் பௌர்ணமியில் அம்மா கிரிவலப் பாதைக் கடை ஒன்றிலிருந்து நீண்ட மூக்குள்ள இரண்டு லைட்டர்களோடு வந்தாள். வழியில் இருக்கும் லிங்கங்களுக்குக் காற்றில் கற்பூரம் ஏற்றுவதற்காக விற்பது. துப்பாக்கி போல விசையை இழுத்தால் நுனியில் சுடர் வரும். ஒன்றில் தாலிக்கயிற்று மஞ்சளில் ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"நூல் கட்டினது சாமிக்கு. கட்டாதது அவருக்கு. மாத்தி எடுத்தீங்க, ரெண்டு பேரையும் வீட்ட விட்டுத் தொரத்திடுவேன்."

"நீதானேம்மா விடச் சொன்ன?"

"வெறும் பைப்ப வாயில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காருடி" என்றாள். "பாக்க முடியல."

அந்த லைட்டரில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. அப்பாவின் கையில் கட்டைவிரல் பக்கம்தான் வற்றியிருந்தது. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் இன்னும் கொஞ்சம் மீதம் இருந்தது. லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, அந்த இரண்டு விரலால் விசையை இழுக்கச் சொன்னேன். பற்றியது. நீண்ட மூக்கு என்பதால் கையும் சுடவில்லை. அன்று மாடியிலிருந்து புகை வாசனை படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கி வந்தது. அம்மா அடுப்படியில் நின்றபடி மூக்கைச் சுளித்தாள். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

ஒரு பிரதோஷத்தன்று அவசரத்தில் அம்மாவே மாற்றி எடுத்துவிட்டாள். விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, திருநீறு கொடுக்கும்போதுதான் நூல் இல்லாததைப் பார்த்தாள். அப்பா முன்பே பார்த்திருக்கிறார்.

"தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தீங்களா?"

"சாமி கேட்டா நான் பேசிக்கிறேன். எரிஞ்சுதில்ல? அதான் முக்கியம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் குட்டிக்கொண்டே சிரித்தாள். அந்த வருஷத்தில் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்று மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம். அதற்குள் அந்த இரண்டு விரல்களும் இறங்கிவிட்டன. தை முடியும்போது அவரால் லைட்டரைத் தூக்க முடியவில்லை. தூக்கினாலும் கை நடுங்கி, சுடர் மீசையைக் கருக்கியது. மாடிப்படி ஏறுவதும் நின்றுபோனது. கூடத்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டோம். காற்று என்ற நான்காவது வரியை நோட்டில் அடித்தேன்.

மீதி இருந்தது முழங்கைக்கு மேலே. தோள் இன்னும் அசைந்தது. முன்கையை ஒரு கட்டை போல மேசை மேல் இறக்க அவரால் முடிந்தது. அப்படியானால் லைட்டரைக் கையில் கொடுக்கவே வேண்டாம், மேசையில் பொருத்திவிடலாம், நெருப்பு இருக்கும் இடத்துக்கு அவர் முகம் வரட்டும் என்று யோசித்தேன். பைப்புக்கென்றே செய்த ஒரு லைட்டரை வரவழைத்தேன். அதில் சுடர் மேலே வராமல் பக்கவாட்டில் வரும், மஞ்சளாக, மென்மையாக. விமானத்திலும் கூரியரிலும் கேஸ் போகாது என்பதால் காலியாகத்தான் வந்தது. அதைப் போளூர் ரோட்டில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஒரு சாண் நீளத்துக்கு நெம்புகோல், அடியில் கனமான இரும்புத் தட்டு, நெம்புகோலின் முனையில் கை அகலத்துக்கு ஒரு பட்டை என்று படம் வரைந்து கொடுத்தேன்.

பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ வேலை? ஆளு ஒருத்தரு பக்கத்துல நின்னு பத்த வெச்சா ஆச்சு."

"ஆள் வேணாம்னுதாண்ணா இது."

மறுநாள் கொடுத்தார். பட்டையின் ஓரங்களை நான் சொல்லாமலே உருட்டி மழுக்கியிருந்தார்.

வீட்டில் விசைமானியை வைத்தேன். இருநூறு கிராம். ஒரு டம்ளர் தண்ணீரின் எடை. அப்பா முன்கையைப் பட்டை மேல் இறக்கினார். 'டிக்' என்றது. பக்கவாட்டில் ஒரு சுடர் வந்து நின்றது. அவர் குனிந்து பைப்பின் வாயை அதற்குக் காட்டினார். கன்னம் குழிந்தது, சுடர் குனிந்தது, புகையிலை சிவந்தது. நிமிர்ந்தார். கையை எடுத்தார். சுடர் போனது.

"ஸ்டியரிங் மாதிரி இருக்குதும்மா" என்றார். அந்த வாரங்களில் அவருடைய வார்த்தைகள் கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தன. 'ஸ்டியரிங்' என்பதை இரண்டு முறை சொல்லித்தான் புரிந்தது.

நோட்டில் ஆறாவது வரிக்கு எதிரே டிக் போட்டேன். அவருடைய கோடு இந்தக் குறுக்குக் கோட்டைத் தொட இன்னும் எட்டு மாதமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். பன்னிரண்டு நாள் அவர் தானே பற்றவைத்துக்கொண்டார்.

பதின்மூன்றாவது நாள் நான் வேலையிலிருந்து வரும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். டிக். சுடர் வந்தது. குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் டிக். சுடர் குனியாமல் அப்படியே நின்றது.

"புகையில நமுத்திருக்கும்மா" என்றார்.

டப்பாவைத் திறந்து விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். உதிர்ந்தது. சரியான பதம். புதிதாக நிறைத்துக் கொடுத்தேன். பற்றவில்லை. இறுக்கி அடைத்துவிட்டேனோ என்று கொட்டிவிட்டுத் தளர்வாக நிறைத்தேன். பற்றவில்லை. பைப்பைக் கழற்றித் தண்டுக்குள் துடைக்கும் கம்பியை விட்டு எடுத்தேன். சுத்தமாக வந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஜன்னல் தெரிந்தது. லைட்டரில் கேஸ் நிறைய இருந்தது. சுடரின் உயரம் நேற்றைய உயரம்தான். ஒரு கருவி வேலை செய்யாவிட்டால் ஒவ்வொரு பாகமாகச் சோதித்து விலக்கிக்கொண்டே போக வேண்டும். விலக்க முடியாமல் கடைசியில் எது மிஞ்சுகிறதோ, பழுது அங்கே இருக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே.

ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. பைப்பை என் வாயில் வைத்துக்கொண்டு மேசைக்குக் குனிந்து பட்டையை அழுத்தினேன். இழுத்தேன். சுடர் உடனே குனிந்து உள்ளே போனது. வாய் நிறையப் புகை. கண்ணில் நீர் வர இருமினேன். கிண்ணத்தில் புகையிலை முழு வட்டமாகச் சிவந்திருந்தது.

இருமல் சத்தத்துக்கு அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். என் வாயில் பைப்பைப் பார்த்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு மாதமாக அவர் இளநீரை ஸ்ட்ரா வேண்டாம், டம்ளரில் ஊற்று என்று கேட்டுக்கொண்டிருந்தார். காபியை ஊதிக் குடிப்பதை விட்டுவிட்டு ஆறவைத்துக் குடித்தார். நான் கட்டைவிரலையும் சுண்டு விரலையும் முன்கையையும் அளந்துகொண்டிருந்தேன்.

"நல்லா இழுக்குதா?" என்று கேட்டார் அப்பா.

"இழுக்குதுப்பா."

"பைப்புல ஒண்ணும் இல்ல."

"இல்லப்பா."

"லைட்டர்லயும்."

"இல்ல."

தலையை ஆட்டினார். புகையும் பைப்பை நான் அவரிடம் நீட்டினேன். பற்றவைத்தாகிவிட்டது, பிடித்துக்கொண்டால் போதும். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. உதடுகளைக் குவித்துப் பார்த்தார். கீழ் உதடு ஒரு பக்கம் சேரவில்லை. காற்று மட்டும் உஸ்ஸென்று போனது. அம்மா முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்தாள்.

"கீழ வெச்சிரும்மா" என்றார். "நீ இரும வேணாம்."

மேசை மேல், லைட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். இழுக்க ஆளில்லாவிட்டால் பைப் அதிக நேரம் எரியாது. மேலே கொஞ்ச நேரம் சிவப்பு இருந்தது. பிறகு சாம்பல் மூடியது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். புகை நின்றதும் அம்மா அதை எடுத்துத் தட்டப் போனாள்.

"ஆறட்டும்" என்றார் அப்பா. "சூட்டோட தட்டினா மரம் வெடிச்சிடும்."